கேள்வி – பதில்: ‘எனக்கும் தருவினமோ?’

கேள்வி: பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். புற்றுநோய் முற்றிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், “கடவுள் என்னைக் கூப்பிடுறாரில்லை” என்று அடிக்கடி சொல்வார். நேற்று, “ஊசி போட்டு அனுப்பிவிடுவினமாம். எனக்கும் தருவினமோ?” என்று கேட்டார். என்ன சொல்ல வேண்டும்?

பதில்: முதலாவது புலம்பல். அதற்குப் பின்னால் வலி இருக்கலாம், நாலு நாள் மலச்சிக்கல் இருக்கலாம், பிள்ளைகள் வராத ஞாயிறும் இருக்கலாம். “எது அம்மா இவ்வளவு கஷ்டமா இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

இரண்டாவது நேரான கேள்வி. குயின்ஸ்லாந்தில் விஏடி (தீராத நோயுள்ளவர் தாமாக விரும்பி, மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்வது) சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பராமரிப்பாளர் இந்தப் பேச்சைத் தாமாகத் தொடங்கக் கூடாது; அம்மாவே கேட்டால் பதில் சொல்லலாம். “டாக்டரிட்ட நீங்களே கேட்கலாம் அம்மா. நர்ஸிட்ட சொல்லட்டோ?” இவ்வளவு போதும். “அப்படிப் பேசாதீங்கோ” என்று வாயை அடைக்கவும் வேண்டாம், “நல்ல வழிதான்” என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் பதிவுபெற்ற நர்ஸிடம் சொல்லுங்கள். குறிப்பேட்டில் அம்மா சொன்ன வார்த்தைகளையே எழுதுங்கள். ‘மனச்சோர்வு’ என்று சுருக்கினால் அவர் கேட்டது அங்கேயே புதைந்துவிடும்.

முறையான கோரிக்கையை அவரே மருத்துவரிடம் தெளிவாக வைக்க வேண்டும். பிறகு இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக மதிப்பிடுவார்கள்: 12 மாதங்களுக்குள் உயிரைப் பறிக்கும் நோயா, தாங்க முடியாத துன்பமா, முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா, யாருடைய வற்புறுத்தலும் இல்லையா என்று. அடுத்தது இரண்டு சாட்சிகளுடன் எழுத்துக் கோரிக்கை. உயிலால் பயன்பெறுபவரும் இல்லத்தின் நிர்வாகியும் சாட்சியாக முடியாது. பொதுவாக முதல் கோரிக்கையிலிருந்து 9 நாள் கழிந்த பிறகே இறுதிக் கோரிக்கை. எந்தக் கட்டத்திலும் அவர் வேண்டாம் என்று நிறுத்தலாம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது மொழியில்தான். தமிழ் தெரிந்தவர் என்று உங்களையே மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அவரை நேரடியாகப் பராமரிப்பவரும் குடும்பத்தாரும் இதில் மொழிபெயர்ப்பாளராக இருக்கச் சட்டம் இடம்தராது. அங்கீகாரம் பெற்றவரே வேண்டும். தொலைபேசி, வீடியோ வழியும் வேண்டாம்: தொலைபேசி, இணையம் வழியே தற்கொலைக்குத் தூண்டுவதைத் தடுக்கும் மத்திய குற்றவியல் சட்டத்தில் அது மாட்டக்கூடும், 2023-இல் ஃபெடரல் நீதிமன்றத் தீர்ப்பும் அப்படித்தான் வந்தது. நேரில் வரக்கூடிய தமிழ் மொழிபெயர்ப்பாளரை முதல் நாளே பதிவு செய்யச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாட்களில் அவர் நினைவு தடுமாறினால் வாய்ப்பே போய்விடும்.

இல்லம் விஏடியை ஏற்காவிட்டாலும், நிரந்தரமாகத் தங்கியிருப்பவரைப் பார்க்க மருத்துவர்கள் உள்ளே வர அனுமதிக்க வேண்டும். ரெஸ்பைட்டில் (தற்காலிகப் பராமரிப்புக்கு) வந்து தங்குபவருக்கு விதி வேறு.

கேள்வி: அப்பாவுக்கு மறதிநோய். நல்ல நினைவோடு இருந்தபோது விஏடி வேண்டும் என்றார். பவர் ஆஃப் அட்டர்னி என்னிடம் இருக்கிறது. நான் விண்ணப்பிக்கலாமா?

பதில்: முடியாது. கடைசிவரை முடிவெடுக்கும் திறன் அவரிடமே இருக்க வேண்டும். முன்கூட்டி எழுதிவைத்தாலும் செல்லாது. குழாய் உணவு, மூச்சு இயந்திரம் போன்றவை வேண்டாம் என்று அவர் முன்பு எழுதியிருந்தால் அது செல்லும். அதன் நகல் இல்லத்தின் கோப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வலித்தணிப்புக் குழுவையும் இப்போதே கேளுங்கள்.