இயர்போன் கேள்விகள்: இருப்பதே போதுமா, மாற்றலாமா?

கேள்வி: இரண்டு வருடமாக மூன்டிராப் நிறுவனத்தின் சூ இயர்போன் வைத்திருக்கிறேன். கேபிளைக் கழற்ற முடியாத பழைய மாடல். உடையவில்லை, அறுந்துபோகவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகப் பாட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. நண்பர் ஒருவர் அதே நிறுவனத்தின் ஆரியா வைத்திருக்கிறார். விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. "இதற்கு மாறிப்பார், அப்போதுதான் தெரியும்" என்கிறார். மாறலாமா?

பதில்: அந்த "ஏதோ" என்ன என்று முதலில் பிடித்துவிடுங்கள். பாஸ் (அடித்தொண்டைக் கனமான ஒலி) இறங்கிவிட்டதா, பாடுகிறவர் குரல் பின்னால் போய்விட்டதா, 'ச', 'ஸ' வரும் இடங்களில் காது கூசுகிறதா, ஒரு பக்கம் சத்தம் கம்மியா? பெயர் சொல்ல முடிகிற குறை என்றால் வழி தேடலாம். பெயர் தெரியாமல் வாங்கப் போனால், புதிதின் மவுசு தீர்ந்த பிறகு அதே குறை திரும்பவும் வந்து நிற்கும்.

முன்பு நன்றாகக் கேட்டது இப்போது குறைகிறது என்கிறீர்கள். அப்படியானால் முதல் சந்தேகம் டிப்ஸ் (காதுத் துளைக்குள் போகும் ரப்பர் முனை) மேலும் காதழுக்கு மேலும்தான். சிலிகோன் டிப்ஸ் நாளாக ஆகத் தளர்ந்துவிடும். காதுத் துளையை முழுதாக அடைக்காது. அந்த இடைவெளி வழியாக முதலில் கசிவது பாஸ்தான். சோதிப்பது சுலபம்: பாட்டு ஓடும்போது இரண்டு இயர்போன்களையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். சட்டென்று பாஸ் கூடினால் உங்களுக்குத் தேவை புது டிப்ஸ், புது இயர்போன் அல்ல. இரண்டு காதுக்கும் ஒரே அளவு டிப்ஸ் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்றுக்கு நடுத்தரம், மற்றதற்குப் பெரியது போடுவோர் நிறையப் பேர்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்திருந்தால், டிப்ஸ் மாட்டும் குழாயின் வாயில் உள்ள வலையைப் பாருங்கள். அழுக்குப் படிந்திருக்கும். வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி, தண்ணீர் இரண்டும் வேண்டாம். உள்ளே போனால் கதை முடிந்தது.

இதெல்லாம் செய்தும் குறை நீங்கவில்லையா? சரி, ஆரியாவுக்கு வருவோம். சூ, ஆரியா இரண்டிலும் பக்கத்துக்கு ஒரே ஒரு 10 மிமீ டைனமிக் டிரைவர்தான் (டிரைவர் என்பது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்). இரண்டையும் ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே இலக்கை வைத்து ட்யூன் செய்திருக்கிறது. சூவில் ட்ரெபிள் (கீச்சென்ற உயர் ஒலி) சற்றுத் தூக்கல், ஆரியா கொஞ்சம் மென்மை. அதாவது நீங்கள் நான்கு மடங்கு கொடுத்து வாங்கப்போவது ஒரே குடும்பத்தின் ஒலியில் ஒரு சின்னத் திருத்தத்தை. வித்தியாசமே இருக்காது என்று சொல்லவில்லை. விலையில் தெரிகிற அளவுக்கு ஒலியில் தெரியாது என்கிறேன்.

விலை கூடினால் ஒலியும் கூடும் என்ற நம்பிக்கையே இந்தச் சந்தையில் ஆட்டம் கண்ட ஒன்று. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, பாஸ் முதல் ட்ரெபிள் வரை எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதை விலையோடு பொருத்தினார். இரண்டுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. 2017இல் வெளிவந்த ஆய்வு அது. காதுக்குள் வைப்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

நண்பருடையதைச் சில நாள் இரவல் வாங்கிக் கேளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: வால்யூமைச் சமன் செய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரே அளவில் வைத்தாலும் இரண்டு இயர்போன்கள் ஒரே சத்தம் தருவதில்லை. சின்ன சத்த வித்தியாசம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது, "தெளிவாக இருக்கிறது" என்று தெரியும். மெல்லக் கேட்கும்போது நம் காது பாஸைக் குறைவாகவே உணர்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிய விஷயம். அதனால் சத்தமாக ஒலிப்பது எப்போதும் ஜெயிக்கும். கடையில் அரை நிமிடம் மாட்டிப் பார்த்து "ஆகா" என்பவர்களில் பாதிப் பேர் வால்யூமுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், புதிதுக்கு மாறும்போது எழும் உற்சாகத்தை நம்பாதீர்கள். சில நாள் ஆரியாவிலேயே கேட்டுவிட்டுப் பழைய சூவுக்குத் திரும்புங்கள். திரும்பும்போது எரிச்சல் வந்தால் வித்தியாசம் உண்மை. பத்து நிமிடத்தில் பழகிவிட்டால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

ட்ரெபிள்தான் குத்துகிறது என்றால் செலவே இல்லாத வழி ஈக்யூ, அதாவது ஒலியின் பட்டைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற ஆப் உண்டு. ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு அளவீட்டின்படி தயாரித்த திருத்தங்கள் அதில் இருக்கின்றன. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள். எந்தப் பட்டையையும் ஏற்றுவதைவிட, குத்துகிற இடத்தை இரண்டு மூன்று டெசிபல் இறக்குவது நல்லது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேபிள் அறும்வரை சூவையே வைத்திருப்பேன். கழற்ற முடியாத கேபிள் என்பதால் அது அறும்போது இயர்போனும் போய்விடும். அன்றைக்கு வாங்குவதில் மட்டும் கழற்றக்கூடிய கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஃபோனோடு வந்த இயர்போனையே இதுவரை பயன்படுத்தினேன். முதல் முறையாக நல்லதாக ஒன்று வாங்கப் போகிறேன். சூ 2, ஸீரோ இரண்டில் ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். எது?

பதில்: எந்த ஸீரோ என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ ஒன்று, ட்ரூத்இயர் ஸீரோ இன்னொன்று. இரண்டும் ஒரே ஆண்டு, 2022இல் வந்தவை. போதாக்குறைக்கு முன்னதில் ஸீரோ 2, பின்னதில் ஸீரோ ரெட் என்று வாரிசுகளும் வந்துவிட்டன. பெயர் வைத்தவர்களுக்கு வாங்குகிறவர்கள் மேல் என்ன கோபமோ. ஆர்டர் போடும் முன் முழுப் பெயரையும் படியுங்கள்.

சால்நோட்ஸ் ஸீரோவில் பக்கத்துக்கு ஒரு டிரைவர். எடை குறைவு, குரல் தெளிவு, பாஸ் அளவோடு. ட்ரூத்இயர் ஸீரோவில் இரண்டு டைனமிக் டிரைவர்கள். ஆழமான பாஸ் நன்றாக எழும்பி நிற்கும். ஆனால் அதன் குழாய் தடிமன். சின்னக் காதுக்காரர்கள் ஒரு மணி நேரம் தாங்குவதே கஷ்டம். சூ 2 உலோக உடல், மூன்றிலும் சிறியது, பழைய சூவில் இல்லாத கழற்றும் கேபிள் இதில் உண்டு.

பாஸ் பிரியர், காதும் பெரியது என்றால் ட்ரூத்இயர். இல்லையென்றால் மற்ற இரண்டில் உங்கள் காதில் நன்றாக உட்கார்வது எதுவோ அது. இரண்டுக்கும் இடையில் ஒலியைவிட பொருத்தம்தான் பெரிய வித்தியாசம். அதனால் திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். காதுக்குள் போகும் பொருள் என்பதால் பெட்டி பிரித்தால் திரும்ப வாங்க மாட்டோம் என்பவர்கள் உண்டு. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஃபோனோடு வந்ததிலிருந்து இங்கே வருவதுதான் காது உணரும் பெரிய தாவல். அடுத்த தாவலுக்கு அவசரம் வேண்டாம்.

கேள்வி: ஒரே விலையில் ஒரு மாடலில் பக்கத்துக்கு ஐந்து டிரைவர், இன்னொன்றில் ஒன்றே ஒன்று. ஐந்து உள்ளதுதானே லாபம்? பெட்டியில் "ஹை-ரெஸ்", 40,000 ஹெர்ட்ஸ் என்றெல்லாம் வேறு போட்டிருக்கிறது.

பதில்: லாபம் இல்லை. ஒரே விலைக்குள் ஐந்தை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய பணம் குறைவு என்பது ஒரு பக்கம். ஐந்தும் ஒன்றின் எல்லையில் மற்றது மோதாமல், ஒரே குரலாக ஒலிக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இது வடிவமைப்பவரின் திறமை, எண்ணிக்கையால் வருவதில்லை. எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்-4 1991இல் பக்கத்துக்கு ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (இன்னொரு வகை) டிரைவரோடு வந்தது. பல வருடம் மற்றவற்றை அதோடுதான் ஒப்பிட்டார்கள்.

40,000 ஹெர்ட்ஸ்? மனிதக் காதின் உச்சம் 20,000. வயது ஏற ஏற அதுவும் இறங்கும். பெட்டியில் "20 முதல் 40,000 வரை" என்று போடுவார்கள்; அந்தத் தூரத்தில் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று போட மாட்டார்கள். அது இல்லாமல் அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி திறக்கும் என்கிறார்களே?

பதில்: பெரும்பாலும் திறப்பது உங்கள் காதும் மூளையும்தான், புது ஒலிக்குப் பழகிக்கொள்கின்றன. முதல் நாளே பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை ஓடவிட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: என் ஃபோனில் ஹெட்போன் துளை இல்லை. சார்ஜ் துளையில் செருகும் டங்கிள் வாங்கி வயர் இயர்போன் மாட்டுவதா, அதே பணத்துக்கு ப்ளூடூத் பட்ஸ் வாங்குவதா? தினமும் பயணத்தில் இரண்டு மணி நேரம் கேட்பேன்.

பதில்: ஒலிக்காக மட்டும் என்றால் வயர். அதே பணத்தில் பேட்டரி, ரேடியோ, சார்ஜ் பெட்டி எதற்கும் பங்கு போகாமல் முழுதும் ஒலிக்கே போகிறது. பட்ஸின் குட்டி பேட்டரி சில வருடங்களில் தேயும். பெரும்பாலும் மாற்றவும் முடியாது. கழற்றும் கேபிள் உள்ள வயர் இயர்போனுக்கு அந்தக் கெடு இல்லை.

ஆனால் நீங்கள் பயணத்தில் கேட்பவர். எஞ்சினின் ஒரே சீரான இரைச்சலை நாய்ஸ் கேன்சலிங் பட்ஸ் நன்றாக அடக்கும். காதை அடைக்கும் சாதாரண டிப்ஸ் பேச்சுச் சத்தத்தைத் தடுக்கிற அளவுக்கு அந்த உறுமலைத் தடுக்காது. உறுமலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றினால் காதுக்குக் கேடு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபலுக்கு ஏறினால் வெறும் 4 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் கேட்கும் உங்களுக்கு 90 டெசிபலில் இரண்டே நாளில் ஒரு வாரத்துக்கானது தீர்ந்துவிடும். அதனால் பயணம்தான் முக்கிய நேரம் என்றால் பட்ஸ். வீட்டில் கேட்பதுதான் அதிகம் என்றால் வயர். இந்த இடத்தில் ஒலித் தரம் எனக்கு இரண்டாம் பட்சம்.

வயர்தான் என்று முடிவானால் டங்கிளில் ஒரு கவனம். சில மலிவு டங்கிள்களில் உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான மின் அலையாக மாற்றுவது) இருக்காது. அவை எல்லா ஃபோனிலும் வேலை செய்யாது. டிஏசி உள்ளது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டங்கிள் சின்னது, நல்லது. ஆனால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் சத்தம் குறைவாக வரும். இந்த விலை இயர்போன்களுக்குத் தனி ஆம்ப் (ஒலியைக் கூட்டித் தரும் பெட்டி) தேவையே இல்லை. யாராவது விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஒரே இயர்போனுக்கு இரண்டு விமர்சகர்கள் இரண்டு விதமான கிராஃப் (பாஸ் முதல் ட்ரெபிள் வரை எது எவ்வளவு ஒலிக்கிறது என்ற கோடு) போடுகிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், ஒன்றோடொன்று ஒப்பிடாதவரை. காதுக்குப் பதிலாக அவர்கள் வைக்கும் அளவுக்கருவி ஆளுக்கு ஆள் வேறு. பலர் '711' என்று அழைக்கும் பழைய கப்ளரிலோ அதன் நகலிலோ அளக்கிறார்கள். சிலர் புதிய 5128 கருவிக்கு மாறிவிட்டார்கள். ஒரே இயர்போன் இரண்டிலும் வெவ்வேறு கோடு போடும். ஆகவே ஒரே ஆள், ஒரே கருவியில் அளந்த இரண்டு கோடுகளை மட்டும் அருகருகே வையுங்கள். அதில் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற இயர்போனாக இருக்கட்டும். அதன் ஒலி உங்களுக்குத் தெரியும்; மற்றது அதைவிட எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் போதும். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் சிகரங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு ஆழம் உள்ளே தள்ளி அளந்தார் என்பதைப் பொறுத்து அவை இடம் மாறும், உங்கள் காதிலும் அப்படித்தான்.