பாடம் ஒன்று, குடம் ஒன்று: சமூக அறிவியல் ஆசிரியர்கள் கேட்டவை

வரலாற்றுப் பாடம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், சார். நாற்பது நிமிடத்தில் என்னதான் செய்வது?
– ஆசிரியை, திண்டுக்கல்

சோழர் நிர்வாகம் வரும் அன்று ஒரு குடம் எடுத்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் குடமே போதும். புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள்: 'வயது 40, நிலமில்லாத கூலி', 'வயது 28, அரை வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம்', 'நெசவாளர் வீட்டுப் பெண்', 'வயது 50, சொந்த வீடு, நிலம், வேதம் படித்தவர், ஆனால் கணக்குக் காட்டாத ஒருவரின் மைத்துனர்'. எல்லாரும் எழுந்து நிற்கட்டும்.

அப்புறம் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 919, 921) ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தகுதிகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். வயது 35 முதல் 70 வரை. பொருந்தாதவர்கள் உட்காரலாம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் வேண்டாம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவர் மைத்துனர் உட்பட நெருங்கிய உறவினரும் வேண்டாம். கடைசியில் நாலைந்து பேர்தான் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் பெயர்களைக் குடத்தில் போட்டு, வகுப்பிலேயே சின்னப் பையனை எடுக்கச் சொல்லுங்கள்.

நான் முதல்முறை செய்தபோது ஒருவன் தன் சீட்டை மட்டும் முக்கோணமாக மடித்துப் போட்டுவிட்டு, எடுக்கிறவனுக்குக் கண் காட்டினான். வகுப்பே கத்தியது. விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொல்லிக் கல்வெட்டு ஏன் வற்புறுத்துகிறது என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதை 'அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்' என்று முடித்துவிடாதீர்கள். உட்கார்ந்தவர்களைப் பேச விடுங்கள். "எங்களுக்கு ஏன் சார் இடமில்லை?" என்று ஒரு பெண் கேட்பாள். அது பிராமணர் ஊர்ச் சபை என்பதை அங்கே சொல்லுங்கள். ஏரிக்கென்று ஆறு பேர் கொண்ட தனி வாரியம் எதற்கு என்றும் கேளுங்கள். கிராமத்துப் பிள்ளைகள் உங்களைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள்.

ஆண்டுகள் மனதில் நிற்பதே இல்லை. காலக்கோடு வரையச் சொன்னால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று!
– ஆசிரியர், கடலூர்

நோட்டில் வரைந்தால் அப்படித்தான். வராந்தாவில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டுங்கள். நூறு வருடத்துக்கு ஒரு மீட்டர். ஒரு முனை இன்று. 1947 ஒரு மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். வேலூர்ப் புரட்சி (1806) இரண்டேகால் மீட்டருக்குச் சற்று முன்னால். ராஜராஜன் பட்டமேறிய 985 பத்தரை மீட்டர் தள்ளி. கலிங்கப் போர் (கி.மு. 261) கிட்டத்தட்ட 23 மீட்டரில், வராந்தா தாண்டி வேப்பமரத்துக்கே போய்விடும். அசோகரையும் ராஜராஜனையும் 'பழைய ராஜாக்கள்' என்று ஒரே மூட்டையில் கட்டியிருந்த பிள்ளைகள், ராஜராஜன் அசோகருக்குப் பக்கத்தில் இருப்பதைவிட நமக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ஆண்டு ஐந்து பத்து தவறினால் போகட்டும், இடைவெளி மறக்காது.

ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் போதாதா?
– ஆசிரியர், நாமக்கல்

ஐந்து நிமிடம் போடலாம், அதுவும் முன்கூட்டியே ஒரு கேள்வி கொடுத்துவிட்டு. நாற்பது நிமிடம் ஓடவிட்டால் அது உங்களுக்கு ஓய்வு, அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு. போர்ஷன் முடிக்கவே நேரமில்லை. இதில் நாடகம் எங்கே போடுவது?
– ஆசிரியை, திருவாரூர்

நியாயமான கேள்விதான். எல்லாப் பாடத்துக்கும் செய்தால் மார்ச் வந்தாலும் முடியாது. ஒரு பாடத்தில் ஓர் இடம் போதும்; மீதியை விறுவிறுவென்று நடத்திவிடுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கக் கிளம்பினார்கள். சுமார் 240 கிலோமீட்டர். வரைபடத்தில் வழியைக் குறிக்கச் சொல்லுங்கள், வரைபடக் கேள்விக்கும் பயிற்சி ஆயிற்று. அதை 15 நாளால் வகுத்தால் நாளைக்கு 16 கிலோமீட்டர். "நம் பள்ளியிலிருந்து 16 கிலோமீட்டரில் எந்த ஊர்? சித்திரை வெயிலில் நடப்பாயா?"

அடுத்தது, தஞ்சாவூர் கலெக்டர் தார்னின் தடை: நடப்பவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை. "உன் வீடு அந்த வழியில் இருக்கிறது. அப்பாவுக்கு அரசாங்க வேலை. என்ன செய்வாய்?" என்று கேட்டு, இரண்டு நிமிடம் எழுதவிடுங்கள். பிறகுதான் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட கதையைச் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லிவிட்டால் அத்தனை பேரும் அதையே எழுதிவைப்பார்கள். மொத்தம் இருபது நிமிடம் ஆகும்.

அருங்காட்சியகம் கூட்டிப்போக பஸ்ஸுக்குப் பணமில்லை.
– ஆசிரியர், தர்மபுரி

உங்கள் மாவட்டத்தில் நடுகற்களுக்கா பஞ்சம்? நடந்து போகிற தூரத்தில் ஒன்று இருக்கிறதா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். வீரன் கையில் என்ன ஆயுதம், பக்கத்தில் மாடு இருக்கிறதா, எழுத்து உண்டா என்று பிள்ளைகள் பார்த்து வரையட்டும். எழுத்து தெளிவாகத் தெரிய சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்க மட்டும் விடாதீர்கள். காலையில் எட்டு மணிக்கு முன்னால் போனால், சாய்ந்து விழும் வெயிலிலேயே எழுத்து எழும்பித் தெரியும்.