பாதிப் பணத்தில் வழக்கு முடியுமா?

கேள்வி: இரண்டு பீர் குடித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது போலீசார் ஊதச் சொன்னார்கள். கருவி 68 காட்டியது. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் பதிவே இல்லாமல் முடித்துத் தருவதாக நீதிமன்ற வாசலில் ஒருவர் சொல்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டாததால் வழக்கே நிற்காது என்றும் சொல்கிறார். நம்பலாமா? சிறை உண்டா?

பதில்: நம்ப வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். நீங்கள் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து எதுவும் இல்லாத முதல் வழக்கு பெரும்பாலும் அபராதத்தோடு முடிவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஐயாயிரத்துக்கு வருகிறேன். 2019-இல் திருத்தப்படும் வரை சட்டத்தில் "2,000 ரூபாய் வரை" என்று இருந்தது. இப்போது தொகை ஏறிவிட்டது, "வரை" என்ற சொல் போய்விட்டது. சட்டம் நிர்ணயித்த தொகையை வாசலில் நிற்பவர் பாதியாக்குகிறாராம்! சாதாரணப் போக்குவரத்து விதிமீறல்களைப் போல அலுவலரிடம் பணம் கட்டிச் சமரசமாக முடிக்கும் பட்டியலில் 185 இல்லை. இது நீதிமன்றத்தில்தான் முடியும். இப்படிப் பணம் கொடுத்து நிம்மதியாக இருந்தவர்கள், பல மாதம் கழித்துப் பிடிவாரண்டுடன் என்னிடம் வந்திருக்கிறார்கள். வாங்கியவரின் தொலைபேசி அணைந்திருக்கும். நீதிமன்ற ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது.

இரண்டு மணி நேரக் கதையை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. 202-ஆவது பிரிவு அப்படி ஒரு கெடு வைத்திருப்பது நிஜம்தான். ஆனால் அது போலீஸ் அதிகாரி கைது செய்து காவலில் வைத்தவருக்கு. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும்; தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். கவனியுங்கள், காவலிலிருந்துதான் விடுதலை; வழக்கிலிருந்து அல்ல. உங்களையோ கைதே செய்யவில்லை, சீட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊதிய கருவியின் அளவைச் சட்டமே ஏற்கிறது. ஊதியது நீங்கள் இல்லை, அளவு தவறு என்று வாதாட ஏதாவது இருந்தால் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். இரண்டு பீர் என்று நீங்களே எழுதியிருக்கும்போது அந்த வழி எனக்குத் தெரியவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். "பதிவே இல்லாமல்" என்பது பொய். அடுத்த முறை சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

உரிமம் வேறு தலைவலி. போலீசார் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் கூறியபடி குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கப்படலாம். அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் உரிமத்தில் உள்ள பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது. கேட்டால் "அனுப்பினோமே" என்பார்கள். ஆகவே முகவரியை இப்போதே மாற்றுங்கள். "உரிமம் தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுங்கள், நகல் வாங்கித் தருகிறேன்" என்று இன்னொரு தரகர் வருவார். பொய் மனு கொடுத்தது தனிக் குற்றமாகும். நிறுத்திவைத்த காலத்தில் ஓட்டினாலும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம்.

நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் ஒரு நாள் விடுப்பு போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்திலிருந்து கோப்பு வரவில்லை என்று மாலை வரை நிற்க வைத்து வேறு தேதி கொடுப்பார்கள். அந்த அலுப்பில்தான் தரகருக்குப் பிழைப்பு நடக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் குழு அலுவலகத்தில் கேளுங்கள். சீட்டில் உள்ள வழக்கு எண்ணையும் அசல் அடையாள அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.