"ரகசியக் காட்டுப்பாதை" என்று யாராவது பணம் கேட்டால்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கிறோம். மகனுக்கு 14 வயது. காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாட்ஸ்அப் குழு ஒன்றில் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், யாருக்கும் தெரியாத காட்டுப்பாதைகளுக்கு ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். பழைய மின்சைக்கிள் ஒன்றையும் அவரே விற்கிறார். அதைக் காட்டுக்குள் ஓட்டப் பதிவு, தேர்வு எதுவும் வேண்டாமாம். அனுப்பலாமா?

பதில்: மகனை ஓட்ட விடுங்கள், அம்மா. அந்த ஆளோடு மட்டும் அனுப்பாதீர்கள். முன்பணமும் கட்டாதீர்கள். அந்த மின்சைக்கிள் பக்கமே போகாதீர்கள்.

முதலில் அந்த "ரகசியப் பாதை". இவ்வளவு சிறிய தீவில் யாருக்கும் தெரியாத காட்டுப்பாதை எங்கே இருக்கப்போகிறது? தேசியப் பூங்காக் கழகம் சைக்கிளுக்கென்று திறந்துவிட்ட பாதைகள் இருக்கின்றன. மற்றவை நீங்கள் நுழையக் கூடாத இடங்கள். இயற்கை வனப்பகுதியில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகினாலே குற்றம், அபராதம் வரும். சில இடங்களில் காட்டை ஒட்டியே ராணுவப் பயிற்சி நிலம் கிடக்கிறது. அங்கே துப்பாக்கி ஏந்திய வீரர் படத்தோடு நான்கு மொழியிலும் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். தமிழிலும் எழுதியிருக்கிறது, தெரியாமல் போய்விட்டேன் என்று பிறகு சொல்ல முடியாது. இப்படிக் கூட்டிப்போகிறவர்கள் பிள்ளை கீழே விழுந்தால் முதலில் செய்வது குழுவிலிருந்து வெளியேறுவதுதான். உண்மையான பயிற்சியாளர் என்றால் ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்சியாளர் பதிவேட்டில் இருக்கிறாரா, முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்கிறாரா, எந்தப் பாதைக்குப் போகிறார் என்று கேளுங்கள். பாதையின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவரோடு ஒரு பேச்சும் வேண்டாம்.

மின்சைக்கிள் விற்கிறவர்கள் எனக்குத் தீராத தலைவலி. "காட்டில் சட்டம் கிடையாது" என்பது பச்சைப் பொய். காட்டுக்குப் போய்ச் சேரவே சாலையிலோ சைக்கிள் பாதையிலோ போயாக வேண்டுமே! பொதுப் பாதைகளில் மின்சைக்கிள் ஓட்ட 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 14. விஷயம் அத்தோடு முடிந்தது.

முடியவில்லை என்று விற்கிறவர் சொல்வார். "அம்மா பெயரில் பதிவு செய்துகொள்ளலாம்" என்பார். இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு என்பது உரிமையாளருக்கானது. வயது வரம்பு ஓட்டுகிறவருக்கானது. 2022 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட எழுத்துத் தேர்வும் ஓட்டுகிறவருக்கானதுதான். உங்கள் பெயரில் பதிவு செய்து, நீங்களே தேர்வு எழுதித் தேறினாலும், ஓட்ட அனுமதி உங்களுக்குத்தான், அவனுக்கு இல்லை. அவனுக்கு 16 ஆகி, அவன் தேர்வில் தேறிய பிறகும் எல்லா மின்சைக்கிளும் செல்லாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரை வண்டியின் சட்டகத்தில் இருக்க வேண்டும். பதிவு எண் பலகை வேண்டும். மோட்டார் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும், பெடல் மிதிக்காமல் ஓடவே கூடாது. தடித்த டயரும் பெரிய பேட்டரியும் வைத்த மலை மின்சைக்கிள்கள் பல எடையிலேயே அடிபட்டுப்போகும். "யூஎல்2272 சான்றிதழ் இருக்கிறது" என்று காட்டினால் ஏமாறாதீர்கள். அது மின்ஸ்கூட்டருக்குக் கேட்கப்படும் சான்றிதழ். மின்சைக்கிளுக்கு வேண்டியது ஈஎன்15194 என்ற தரச் சான்றிதழ்.

சரி, எங்கே ஓட்டுவது? உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. 81 ஹெக்டர். நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. புதிதாக ஓட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் இங்கே இல்லை. கை பழகிய பிறகு புக்கிட் தீமா பாதை. அதற்கும் பிறகு, சாங்கி பாயிண்டிலிருந்து படகேறி புலாவ் உபின் தீவில் பழைய கல்லுடைப்புக் குழியைச் சுற்றியுள்ள கேத்தாம் பூங்கா. கேத்தாமில் நீலச் சதுரம் (நடுத்தரம்), கறுப்பு டைமண்ட் (கடினம்), இரட்டைக் கறுப்பு டைமண்ட் (மிகக் கடினம்) என்று கடினத்தைக் குறியிட்டிருக்கிறார்கள். அந்தக் குறிகளுக்கு என்ன பொருள் என்று புதியவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தர யாரும் இல்லை. கிழக்கே 2010 இளையர் ஒலிம்பிக்கின் சைக்கிள் போட்டிகள் நடந்த தெம்பனிஸ் சைக்கிள் பூங்காவையும் 2014-இல் மூடிவிட்டார்கள். கற்றுக்கொள்ளும் இடங்களை இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் பிள்ளைகள் வாட்ஸ்அப் பயிற்சியாளர்களிடம்தான் போய் நிற்பார்கள். எத்தனை கூட்டத்தில் நான் சொன்னாலும் அதிகாரிகள் குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சைக்கிள் வாங்கும்போது வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படியுங்கள். மலை சைக்கிள் போலவே இருக்கும் மலிவு வண்டிகள் சிலவற்றில், கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று தயாரிப்பாளரே பொடி எழுத்தில் போட்டிருப்பார். கடைக்காரர் அதைப் படித்துக்காட்ட மாட்டார். பழைய வண்டி என்றால் இரண்டு சோதனை போதும். பிரேக் கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள். அது ஹாண்டில்பாரைத் தொடும் அளவுக்குத் தொளதொளவென்று உள்ளே போனால் வேண்டாம். அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்துப் பகுதியில் 'டக் டக்' என்று ஓசை வந்தால் உள்ளே தளர்ந்திருக்கிறது. பழுதுபார்க்காமல் ஓட்டக் கூடாது.

ஹெல்மெட் சாலையில் 2019 முதல் கட்டாயம். சாலையோ காடோ, உங்கள் மகன் ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது. முழு விரல் கையுறையும் வாங்கிக்கொடுங்கள். விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான்.

மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். நம் ஊர்க் களிமண் நனைந்தால் மரவேர்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அதைவிட முக்கியமாக, ஈர மண்ணில் சக்கரம் இழுக்கும் கோடு அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். மண் அரிப்பால் சரிவு பலவீனமாகி, அதைச் சீர்செய்ய புக்கிட் தீமா வனப்பகுதியை 2014-லிருந்து 2016 வரை மூட வேண்டியிருந்தது. சேறு தேங்கியிருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது, செடிகளை மிதித்துப் பாதை அகன்றுகொண்டே போகும். இறங்கித் தள்ளட்டும். குரங்குகள் முன்னால் பிளாஸ்டிக் பையை வெளியே எடுக்க வேண்டாம். காட்டுப்பன்றி தென்பட்டால் நின்று, அது போகும்வரை காத்திருக்கட்டும். இடி கேட்டால் அன்றைய சவாரி முடிந்தது.

வரும் வெள்ளிக்கிழமை மழை இல்லையென்றால், சனிக்கிழமை காலை செஸ்ட்நட்டுக்கு ஒரு நண்பனோடு அனுப்புங்கள், தனியாக வேண்டாம். கைபேசி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும், இருக்குமிடத்தை உங்களோடு பகிர்ந்திருக்கட்டும், அவசரமென்றால் 995. முதல் அரை மணி நேரம் மேடுபள்ளப் பயிற்சித் தடத்தில் சுற்றட்டும். பிறகு எளிய பாதையில் மெதுவாக ஒரு சுற்று. கறுப்பு டைமண்ட் குறி எங்கே வந்தாலும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்து போகச் சொல்லுங்கள்.