மஸ்கடே ஒயினும் அதற்கேற்ற சாப்பாடும்: கேள்வி பதில்

கேள்வி: மஸ்கடே என்பது மஸ்கட் திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின்தானே?

இல்லை, பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. மஸ்கட் பூமணம் வீசும் வேறு இனம். மஸ்கடே, 'மெலோன் தெ பூர்கோன்' என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின். பிரான்ஸின் மேற்கில், லுவார் ஆறு அட்லாண்டிக்கை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றியுள்ள ஊர்கள்தான் அதன் இடம். இனிப்பே தெரியாது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கூடவே ஒரு உப்புச் சாயல், அவ்வளவுதான். 1709 குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துக் கொடிகள் பெரும்பாலும் பட்டுப்போயின. பனியைத் தாங்கும் மெலோன் அதற்குப் பிறகுதான் பரவியது.

கேள்வி: அண்ணா, இரண்டு பாட்டில் ஒரே விலை. ஒன்றில் மட்டும் 'சூர் லீ' என்று இருக்கிறது. எதை எடுக்கட்டும்?

சூர் லீயை எடுங்கள் தம்பி. 'மண்டியின் மேல்' என்று அர்த்தம். நொதித்தல் முடிந்ததும் செத்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் மண்டியாகப் படியும். ஒயினை வடித்து மாற்றாமல் குளிர்காலம் முழுக்க அதன் மேலேயே விட்டு, மார்ச் பிறந்த பிறகு அங்கிருந்தே பாட்டிலில் அடைப்பார்கள். ஈஸ்ட் சிதைந்து கரைவதால், இயல்பில் மெலிந்த ஒயினுக்கு வாயில் ஒரு கனமும் ரொட்டி வாசமும் கிடைக்கும். குடிக்கும்போது நாக்கில் லேசாகக் குத்தினால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். வடிக்காததால் தங்கிய கரியமில வாயு அது.

கேள்வி: எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?

8 முதல் 10 டிகிரி. ஃபிரிட்ஜில் இருந்தது என்றால் 15 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். 4 டிகிரியில் புளிப்பு மட்டும்தான் தெரியும், மண்டி தந்த சுவை அமுங்கிவிடும்.

கேள்வி: சமைக்காமல் பச்சையாகச் சாப்பிடும் சிப்பிக்கு ஏன் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்? சிவப்பு ஒயின் ஆகாதா?

ஆகாது. சிவப்பில் உள்ள துவர்ப்பும் இரும்புச்சத்தும் சிப்பியோடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவையும் மீன் கவிச்சியும் நிற்கும். மஸ்கடேயில் துவர்ப்பு இல்லை, புளிப்பு இருக்கிறது. எலுமிச்சை பிழியும் வேலையை ஒயினே செய்துவிடும். அதனால் சிப்பியின் மேல் வினிகரை ஊற்றாதீர்கள். இரண்டு புளிப்பு மோதினால் ஒயின் தண்ணீர்போல ஆகிவிடும்.

கேள்வி: சார், 'பேர் பிளாங்க்' என்ற வெண்ணெய் சாஸ் செய்தால் ஒவ்வொரு முறையும் வெண்ணெய் தனியாகப் பிரிந்துவிடுகிறது.

சூடு அதிகம், வேறொன்றும் இல்லை. நாந்த் பகுதியின் சாஸ் இது. ஆற்று மீனுக்கு ஊற்றி, பக்கத்தில் மஸ்கடே வைத்துச் சாப்பிடுவதற்கு ஈடு கிடையாது. சின்ன வெங்காயம் 60 கிராம் பொடியாக நறுக்கி, மஸ்கடே 100 மில்லி, வெள்ளை ஒயின் வினிகர் 50 மில்லி ஊற்றி, 2 மேசைக்கரண்டி மிஞ்சும்வரை வற்றவிடுங்கள். தீயை மிகவும் தணித்து, ஃபிரிட்ஜிலிருந்து அப்போது எடுத்த வெண்ணெய் 200 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். முந்தைய துண்டு முக்கால்வாசி கரைந்த பிறகே அடுத்தது. சட்டியின் பக்கத்தைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். கொதி வந்தால் நீரில் நுண்துளியாகப் பரவியிருந்த கொழுப்பு ஒன்றுசேர்ந்து எண்ணெயாக மிதக்கும். பிரிந்துவிட்டால் வேறு சட்டியில் ஒரு கரண்டி க்ரீமை இளஞ்சூடாக்கி, பிரிந்த சாஸைச் சிறிது சிறிதாக விட்டு அடியுங்கள். திரும்பக் கூடிவரும்.

கேள்வி: ஆளி (மஸ்ஸல்) சமைக்க எவ்வளவு ஒயின் ஊற்ற வேண்டும்?

ஒரு கிலோவுக்கு 150 மில்லி போதும். ஓட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பிய்த்துவிட்டு, தட்டியும் வாய் மூடாததைத் தூக்கிப் போடுங்கள். வெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி, ஒயினும் ஆளியும் சேர்த்து, மூடி, பெரிய தீயில் 4 அல்லது 5 நிமிடம். நடுவில் ஒரு முறை குலுக்குங்கள். உப்பு வேண்டாம், ஆளிக்குள் கடல்நீர் இருக்கிறது.

கேள்வி: பாரிஸில் இருக்கிறோம் அண்ணா. மீன் குழம்போடு எடுபடுமா?

எடுபடாது. புளியும் மிளகாயும் சேர்ந்து மஸ்கடேயை வெறும் புளிப்பாக்கிவிடும். அதே மீனை உப்பு, மிளகு, கொஞ்சம் மஞ்சள் மட்டும் தடவி வறுத்தால் நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: எத்தனை வருடம் வைக்கலாம்?

சாதாரண சூர் லீயை 3 வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். கிளிசோன், கோர்ஜ் போன்ற ஊர்ப்பெயர் தாங்கியவை மண்டியில் நீண்ட காலம் கிடந்தவை, 10 வருடம்கூட நிற்கும். அவற்றைப் பச்சைச் சிப்பிக்குத் திறக்க வேண்டாம். வெண்ணெயில் வாட்டிய ஸ்காலப் சிப்பி அல்லது க்ரீம் சேர்த்த கோழிக்கு எடுத்து வையுங்கள்.