உடம்புக்கு ஓர் உயிர்வேலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கிருமி உடம்புக்குள் வராமல் எது தடுக்கிறது என்று கேட்டால் ஊசி, மாத்திரை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் தோல், சளி, கண்ணீர், வயிற்று அமிலம் என்று ஒரு வேலி நிற்கிறது. காங்கயம் பக்கம் கொறங்காட்டை, அதாவது மாட்டு மேய்ச்சல் நிலத்தை, சுற்றிக் கிளுவை வேலி இருக்குமே, அது மாதிரி. கல் சுவர் இல்லை, உயிர்வேலி. தானாகத் தழைக்கும், சின்னச் சந்து விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும். வந்த கேள்விகளைப் பார்த்தால், பாதிக்கு மேல் அந்த வேலியை நாமே வெட்டுவதால் வந்த தொந்தரவுகள்.

கேள்வி (திருப்பூர், சாயப்பட்டறைத் தொழிலாளி): நாலு வருடமாகப் பட்டறையில் வேலைங்க அக்கா. இரண்டு கையும் வெடித்து எரிகிறது. கிருமி ஏறிவிடக் கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் நாலைந்து தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்படிக் கழுவுவதும் ஆறாததற்கு ஒரு காரணம் தம்பி. தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது, பெரும்பாலான இடங்களில் பதினைந்து இருபது வரிசை. செல்கள் செங்கல் என்றால் நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. சாந்து கெட்டியாக இருக்கும்வரை கிருமிக்கு வழி கிடையாது. அடியிலிருந்து புதுச் செல்கள் மேலே வந்துகொண்டே இருக்கும், மேலே இருப்பவை உதிரும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய நாலு வாரம். ஒட்டிக்கொண்ட கிருமியும் அந்தச் செல்லோடு உதிர்ந்து போகும்.

தோலுக்கு லேசான புளிப்புத் தன்மையும் உண்டு. புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்தான் பி.எச்.; 7 நடு, அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். தோலுக்கு அது 5-ஐ ஒட்டி இருக்கும். நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. தோலிலேயே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அது பழகிப்போனது. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு வெளிக்கிருமிக்கு விடாது. சாதாரணக் கட்டிச் சோப்பின் பி.எச். 9, 10 வரை போகும். பட்டறையில் நீங்கள் தொடும் காஸ்டிக் சோடா அதைவிடக் கடும் காரம். இரண்டும் சேர்ந்து சாந்தைக் கரைத்துவிடுகின்றன. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, அதனால் போன பிசுபிசுப்பு சீக்கிரம் திரும்பாது.

உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மென்மையான சோப்பில் ஒரே தடவை கழுவி, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். இரவு படுக்கும்போது இன்னொரு தடவை. வெடிப்பைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (பெருந்துறை, எட்டு மாத கர்ப்பிணி): பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டும், முதல் பால் மஞ்சளாக இருக்கும், பீய்ச்சிக் கொட்டிவிடு என்கிறார் அத்தை. கழுதைப்பாலும் சொல்லி வைத்திருக்கிறாராம். என்ன செய்யட்டுங்க?

அம்மிணி, அந்த மஞ்சள் பால்தான் சீம்பால். கன்று போட்ட மாட்டின் சீம்பாலைக் கன்றுக்கு விடாமல் கறந்தால் கன்று தேறாது என்று உங்கள் அத்தைக்கே நன்றாகத் தெரியும். அதையே சொல்லிக் கேளுங்கள். பிறந்த குழந்தையின் குடல் எந்தக் காவலும் இல்லாத புதுசு. சீம்பாலில் நிறைந்திருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் குடலின் உள்பக்கம் முழுக்கப் பூச்சு மாதிரிப் படிந்து, கிருமி சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. தாய் அதுவரை எந்தெந்தக் கிருமியோடு வாழ்ந்தாளோ அவற்றுக்கெதிரான புரதங்கள் அந்தப் பாலில் இருக்கும். கழுதைக்கும் டப்பாவுக்கும் உங்கள் வீட்டுக் கிருமி தெரியாது.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். அத்தைக்கு ஆசை தீரவில்லை என்றால், குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றும் வேலையை அவர் கையில் கொடுங்கள். நான் பார்த்த பல வீடுகளில் இதிலேயே மனசு ஆறியிருக்கிறது.

கேள்வி (கோவை, நூற்பாலைத் தொழிலாளி): மில்லில் இருந்து வந்து மூக்கைச் சிந்தினால் பஞ்சும் அழுக்குமாக வருகிறது. இது கெட்டதுங்களா?

வெளியே வருவது நல்லதுங்க அண்ணா. மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்கச் சளிப் பூச்சு இருக்கிறது. அதன் அடியில் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 200 குறு இழைகள், காற்றில் நெல் பயிர் அசைவது போல நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே பக்கமாக அடிக்கும். தூசியும் கிருமியும் சளியில் ஒட்டி, மெதுவாகத் தொண்டைக்கு ஏறும். நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம், மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும்.

பீடி சிகரெட் புகை இந்த இழைகளை முடக்கிவிடும். புகைப்பவர்களுக்குக் காலையில் வரும் இருமலுக்கு அதுவும் ஒரு காரணம். இழை செய்யாத வேலையை இருமல் செய்யப் பார்க்கிறது. நிறுத்தினால் இழைகள் மறுபடி தலையெடுக்கும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்குகிறதா? அது பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். இதை வெறும் சளி என்று விட்டு, பத்து வருடம் கழித்துப் படி ஏற முடியாமல் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். முகக்கவசம் போடுங்கள், நுரையீரல் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (நாமக்கல்): அப்பா வருடக்கணக்காகத் தினமும் கேஸ் மாத்திரை போடுகிறார். ஏதாவது ஆகுமா?

வயிற்று அமிலத்தின் பி.எச். வெறும் வயிற்றில் 1.5 முதல் 3.5 வரை. சாப்பாட்டோடு போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே சாகும். தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சோடா உப்பால் அமிலத்தை முறித்தபின் பல ஆயிரம் மடங்கு குறைவான கிருமியே நோய் வர வைக்கப் போதுமாக இருந்தது. ஆகவே அமிலத்தை அடக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், புண் இருந்து கொடுத்திருக்கலாம். மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை கொதித்த தண்ணீர், சூடான சோறு.

கேள்வி (பொள்ளாச்சி): தென்னந்தோப்பு நாய் கையை நக்கிவிட்டது. ஊசி போடணுங்களா?

காயமோ கீறலோ இல்லாத தோல் என்றால் வேண்டாம், கழுவினால் போதும். வெறிநாய்க் கிருமியால் நல்ல தோலைத் தாண்ட முடியாது. ஆனால் தேங்காய் உரிக்கிற கையில் கீறல் இருக்காது என்று நான் நம்ப மாட்டேன், நன்றாகப் பாருங்கள். கீறலில் பட்டிருந்தாலும், கண்ணிலோ வாயிலோ எச்சில் தெறித்திருந்தாலும் அது கடிக்குச் சமம். கீறலைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கிருமியின் மேல் இருக்கும் கொழுப்பு உறையைச் சோப்பு உடைக்கும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலுக்குள் ஊசி போடுவார்கள். எச்சில் பட்ட விதத்தைச் சொன்னால், காயத்தைச் சுற்றிப் போடும் தடுப்பு மருந்தும் தேவையா என்று பார்ப்பார்கள்.

கேள்வி (அவினாசி, பனியன் கம்பெனி டெய்லர்): அடிக்கடி நீர்க்கடுப்பு. பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்று தண்ணீரே குடிப்பதில்லை.

இதைப் படித்து எனக்கு மனசே ஆறவில்லை கண்ணு. சிறுநீர் வெளியே பாயும்போது, பாதையில் ஏறிவரும் கிருமியையும் கழுவிக்கொண்டு போகும். அதுதான் அந்த இடத்து வேலி. ஆண்களுக்கு அந்தப் பாதை சுமார் 20 செ.மீ., நமக்கு 4 செ.மீ.தான். தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் கிருமிக்கு நேரமும் இடமும் நாமே கொடுத்த மாதிரி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போங்கள். கழுவும்போது முன்னிருந்து பின்பக்கம் கழுவுங்கள். பிறப்புறுப்பின் உள்ளே சோப்பு வேண்டவே வேண்டாம். அங்கே நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து காவல் இருக்கின்றன. காய்ச்சலோ இடுப்பு வலியோ சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குடிநீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் சட்டப்படி கொடுத்தாக வேண்டியவை; 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அதை எழுதிவிட்டார்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் லைனில் இருக்கும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி (சத்தியமங்கலம்): காதுக் குரும்பியைக் கோழி இறகால் எடுக்கலாமா?

வேண்டாங்க. குரும்பி அழுக்கில்லை, கிருமியை ஒட்டவைக்கும் பசை. தாடை அசைய அசையத் தானே வெளியே நகரும். இறகும் ஊக்கும் அதை உள்ளே தள்ளி, தோலையும் கீறிவிடும்.

கேள்வி (கரூர்): கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். சரியா?

கண்ணுக்கென்று கண்ணீர் இருக்கிறது. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு முன்பே 1922-ல் லைசோசைம் என்ற பொருளை அறிவித்தார். சில பாக்டீரியாக்களின் சுவரையே அறுத்துவிடும் அது, மூக்குச்சளி, எச்சில், கண்ணீர் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆராய்ச்சிக்குக் கண்ணீர் பற்றாமல் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து கண்ணீர் வரவழைத்திருக்கிறார். தாய்ப்பாலிலும் அது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையிலும் கிண்ணத்திலும் இருக்கும் கிருமியும் சேர்ந்து கண்ணுக்குள் போகும். சுத்தமான தண்ணீரில் கழுவி, கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (மொடக்குறிச்சி): அம்மாயிக்கு எழுபது வயசு, சர்க்கரை இருக்கிறது. பித்தவெடிப்போடு வெறுங்காலில் மஞ்சள் காட்டுக்குப் போகிறார். வெடிப்பில் சாணிச் சாம்பலும் காப்பித்தூளும் வைக்கிறார்.

குதிகாலும் உள்ளங்கை மாதிரிதான், எண்ணெய்ச் சுரப்பி இல்லாத தோல். வெடித்தால் அது திறந்த வாசல். மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் விதை இருக்கும், ஆழமான காயத்தில் காற்றுப் படாத இடம் கிடைத்தால் முளைக்கும். சாணியை அடைத்த காயத்தோடு ஒரு பெரியவரை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில். தாடை இறுகியிருந்தது. எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் அந்த முகம் மறக்கவில்லை.

சாம்பலையும் தூளையும் இன்றே கழுவி எடுங்கள். ரணஜன்னி ஊசி எப்போது போட்டார் என்று கேளுங்கள், நினைவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை இருப்பவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் ஏறினாலும் தெரியாது. தினமும் ராத்திரி அம்மாயியின் காலை மடியில் வைத்து, விரல் இடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, வெடிப்பில் வாசலின் பூசி, பருத்திக் காலுறை போட்டுப் படுக்க வையுங்கள். விரல் இடுக்கில் மட்டும் பூச வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். காட்டுக்குப் போக, முன்பக்கம் மூடிய செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அளவு பார்க்கச் சாயங்காலம் கூட்டிப் போங்கள், அப்போதுதான் கால் லேசாக வீங்கி உண்மையான அளவு தெரியும்.