மாடு இருந்தால் போதாதா?

கேள்வி: கனடாவில் பால் பண்ணை தொடங்குவோருக்கு, மாடு வாங்குவதைவிடக் கோட்டா வாங்குவதே கடினம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். அங்கே ஒரு பண்ணை எவ்வளவு பால் விற்கலாம் என்பதை மாகாணப் பால் வாரியத்தின் கோட்டா தீர்மானிக்கிறது. அதை லிட்டரில் அல்ல, நாளொன்றுக்கு இத்தனை கிலோ பால் கொழுப்பு என்று அளக்கிறார்கள். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு கறவை மாட்டின் கணக்கு என்பதால், ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு கிலோ கோட்டாவின் விலைக்கு 24,000 டாலர் என உச்சவரம்பு விதித்த பிறகும், 50 மாடுகளுக்குக் கோட்டா மட்டுமே 12 லட்சம் டாலர் ஆகிறது. நிலமும் கொட்டகையும் தனி. பணத்தோடு போனாலும், விற்பவரைவிடக் கேட்பவர் அதிகம் என்பதால், பண்ணையாளர்கள் கோட்டாவை விற்று வாங்கும் மாதாந்திரப் பரிமாற்றத்தில் கேட்டதில் சிறு பங்கே கைக்கு வரும். புதியவர்களுக்கென மாகாணங்கள் ஒதுக்கும் கோட்டா உண்டு, ஆனால் இடங்கள் சொற்பம். குடும்பப் பண்ணையைப் பெறும் பிள்ளைகளுக்கோ இந்த வரிசையே இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.